18 ஃபிக்ஸடா, 18 சி.டி.சி.யா? ரெக்ரூட்டர் சரியில்லாதபோது எந்த வழி

ராத்திரி பத்தேகாலுக்குச் சித்தி மகள் போன் செய்தாள். "அண்ணா, அந்த ஆள் மறுபடியும் கூப்பிடறார். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஓகே சொல்லலைன்னா ஆஃபர் அடுத்த ஆளுக்குப் போயிடுமாம். என்ன பண்றது?"

அவள் ஜாவா டெவலப்பர். ஆறு வருட அனுபவம். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் ஆண்டுக்கு 12 லட்சம். கிண்டிப் பக்கம் இன்னொரு கம்பெனி மூன்று சுற்று இன்டர்வியூ வைத்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. வேலை பிடித்திருந்தது, பேசிய மேனேஜரையும் பிடித்திருந்தது. நடுவில் நின்ற ரெக்ரூட்டர்தான் பிரச்சினை. முதல் போனில் "18 ஃபிக்ஸட் மேம், வேரியபிள் அதுக்கு மேல தனி" என்றவர், இரண்டு நாள் கழித்து "18 சி.டி.சி.ன்னுதானே மேம் சொன்னேன்" என்றார். ஃபிக்ஸட் என்பது உறுதியாக வரும் சம்பளம், வேரியபிள் என்பது கூடவோ குறையவோ வரும் பகுதி, சி.டி.சி. என்பது வேரியபிள், பி.எஃப். எல்லாம் உட்பட நமக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தம். மூன்று மாதச் சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் மூன்று முறை வாங்கினார். "கல்யாணம் ஏதாவது பிளான்ல இருக்கா மேம்? கிளையன்ட் கேப்பாங்க" என்றார். கிளையன்ட் என்றால் ஆள் எடுக்கும் அந்தக் கம்பெனி. கடைசியாக வந்தது இது: "பேப்பர் போட்டுட்டு அந்த மெயிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. அப்பதான் ஆஃபர் லெட்டர் ரிலீஸ் பண்ண முடியும்." பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா செய்வது.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். சித்தப்பா, "அவங்ககிட்ட எதுக்கும்மா வம்பு, சரின்னு சொல்லிடு" என்றார். அலுவலகத் தோழி, "லிங்க்ட்இன்ல பேரைப் போட்டு நாறடிச்சுடு" என்றாள். இன்னொருவர், "நேரா அந்த மேனேஜருக்கே மெசேஜ் தட்டு" என்றார். நான் வேலை தேடியும் இருக்கிறேன். ஆள் எடுக்கும் பக்கம் பல வருடம் உட்கார்ந்தும் இருக்கிறேன். அன்றிரவு அவளோடு ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் யாருடைய ஆள்?

எந்த வழி சரி என்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். ரெக்ரூட்டர் என்ற ஒரே பெயரில் மூன்று வகை ஆட்கள் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

முதல் வகை, வெளியிலிருந்து ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிக்காரர். நீங்கள் வேலையில் சேர்ந்தால் கம்பெனி அந்தக் கன்சல்டன்சிக்குக் கட்டணம் கொடுக்கும். இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் விகிதம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அவளுடைய 18 லட்சத்துக்கு இது ஏறக்குறைய 1.5 லட்சம். இப்போது அவர் பக்கம் நின்று பாருங்கள். அவள் பேரம் பேசி ஒரு லட்சம் கூடுதலாக வாங்கினால் கன்சல்டன்சிக்குக் கூடுவது 8,330 ரூபாய். பேரம் இழுபட்டு அவள் வராமல் போனால் இழப்பது 1.5 லட்சம். எட்டாயிரத்துக்காக ஒன்றரை லட்சத்தைப் பணயம் வைக்க எந்த வியாபாரியும் துணியமாட்டான். "அதிகச் சம்பளம் கிடைச்சா அவருக்கும்தானே லாபம்" என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அவருக்கு வேண்டியது சீக்கிரம் முடிவது. உங்களுக்கு வேண்டியது சரியாக முடிவது.

இந்தக் கட்டணத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. சேர்ந்த ஆள் குறிப்பிட்ட நாளுக்குள், பெரும்பாலும் 60 அல்லது 90 நாளுக்குள், விலகிவிட்டால் கன்சல்டன்சி இலவசமாக மாற்று ஆள் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே நீங்கள் சரி சொன்ன பிறகும் அவருக்குத் தூக்கம் வராது.

இரண்டாம் வகை, கம்பெனியின் சொந்த டி.ஏ. டீம், அதாவது ஆள் எடுக்கும் பிரிவின் ஆள். இவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்ற கமிஷன் வழக்கமாகக் கிடையாது. இந்தக் காலாண்டில் எத்தனை இடம் நிரப்பினார், சரி சொன்னவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதே இவருடைய மதிப்பெண். சம்பள வரம்பு இவருக்கு மேலே இருப்பவர் போட்டது. இவர் முரட்டுத்தனமாகப் பேசினால் அதைக் கம்பெனியின் குணத்துக்கான சாம்பிளாக எடுத்துக்கொள்ளலாம். கன்சல்டன்சிக்காரர் பேச்சை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது; அதே நபர் நாளைக்குப் போட்டிக் கம்பெனிக்கும் ஆள் பிடிப்பார். கம்பெனியின் மெயில் முகவரியிலிருந்து எழுதினாலே சொந்த ஆள் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆள் எடுக்கும் வேலை மொத்தத்தையும் வெளி நிறுவனத்துக்குக் குத்தகை விட்டிருக்கும் கம்பெனிகளில், கம்பெனி மெயிலோடு உட்கார்ந்திருப்பவருக்கு வேறு இடத்திலிருந்து சம்பளம் வரும். "நீங்க எந்த பேரோல்ல இருக்கீங்க?" என்று நேராகக் கேட்பதில் தப்பில்லை.

மூன்றாம் வகைக்கு ஒப்பீடே தேவையில்லை. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெயினிங் டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம் என்று உங்களிடம் காசு கேட்பவர் ரெக்ரூட்டரே அல்ல. கட்டணத்தைக் கம்பெனிதான் கொடுக்கும், வேலைக்கு வருபவர் கொடுப்பதில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

என் தங்கையைக் கூப்பிட்டவர் முதல் வகை. அது தெரிந்ததுமே பாதிக் குழப்பம் விலகிவிட்டது. "இன்னைக்கு ராத்திரிக்குள்ள" என்ற கெடு கம்பெனி வைத்ததா, அவரே வைத்ததா? மூன்று சுற்று இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்ட கம்பெனி, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தும் என்பது நம்பும்படி இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு போவது

சித்தப்பா சொன்ன வழி. கேட்டதும் கோழைத்தனமாகத் தோன்றும். ஆனால் சில சமயம் இதுதான் சரி.

நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிடுவது, பெயரைத் தப்பாக எழுதுவது, "ப்ரோ" போடுவது, மூன்று நாள் காணாமல் போய்விட்டு நான்காம் நாள் "அர்ஜென்ட்" என்று வருவது எல்லாம் எரிச்சல்தான், இழப்பில்லை. வேலையில் சேர்ந்த பிறகு அந்த முகத்தைப் பார்க்கப்போவதில்லை. சொன்ன தொகை மாறாமல், வேலை விவரம் மாறாமல் இருக்கிறது என்றால், நடத்தையைத் திருத்துவது நம் வேலையல்ல. இரவு எட்டு மணிக்கு மேல் எடுக்காமல் மறுநாள் காலை திருப்பிக் கூப்பிட்டால் போதும்.

அவர்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கும் ஊரில், ஒரு ஆஃபரை வாங்கி வைத்துக்கொண்டு அந்த மூன்று மாதமும் அடுத்த ஆஃபர்களைத் தேடுவது நம் ஆட்களுக்குச் சர்வசாதாரணம். சேர வேண்டிய திங்கட்கிழமை காலை லேப்டாப், ஐ.டி. கார்டு எல்லாம் தயாராக மேசையில் இருக்க, ஆள் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்ட அனுபவம் எனக்கே இரண்டு முறை உண்டு. அப்படிப் பத்து பேரிடம் சூடுபட்ட ரெக்ரூட்டர் பதினோராவது ஆளிடம் படபடப்பாகத்தான் பேசுவார். அந்தப் படபடப்பைக் கெட்ட எண்ணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இந்த வழிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு விலை இருக்கிறது. நீங்கள் சொல்வதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் கம்பெனிக்குப் போகிறது, அவர்கள் சொல்வதும் அப்படித்தான் வருகிறது. தொகை ஒருமுறை மாறிவிட்டது என்றால், அந்த வாய் வழியை இனி நம்ப முடியாது. என் தங்கையின் விஷயத்தில் 18 ஃபிக்ஸட் 18 சி.டி.சி. ஆன நிமிடமே இந்த வழி அடைபட்டுவிட்டது.

எழுத்துக்கு இழுப்பது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். காரணத்தை எண்களிலேயே பார்க்கலாம்.

"18 சி.டி.சி." என்றால் கைக்கு என்ன வரும்? சென்னையில் பல கம்பெனிகள் போடுவது போல ஒரு கணக்கு: 18 லட்சத்தில் 10 சதவீதம் வேரியபிள், 1,80,000. அது வருடக் கடைசியில் வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். மீதி 16,20,000. அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதி, 9 லட்சம் என்று வைத்தால், கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,08,000. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 43,290. நிரந்தர வேலைக்காரருக்கு ஐந்து வருடம் முடிந்தால்தான் அது கைக்கு வரும். ஆனாலும் முதல் நாளிலிருந்தே சி.டி.சி.யில் எண்ணிக் காட்டுவார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 15,000. இவையெல்லாம் கழிந்தால் ஆண்டுக்கு 14,53,710, மாதம் சுமார் 1,21,000. அதிலிருந்து நம் பங்கு பி.எஃப். 9,000 போகும். 2025–26 கணக்கில் புதிய வரித் திட்டப்படி வரி மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு சொச்சம். தொழில் வரி இருநூறு சொச்சம். கடைசியில் வங்கிக் கணக்கில் விழுவது மாதம் ஏறக்குறைய 1,04,000.

பதினெட்டைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் ஒன்றரை லட்சம் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தாள் என் தங்கை. நான் காகிதத்தில் போட்டதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடம் பதிலே இல்லை.

கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பிரிப்பு மாறும். பி.எஃப்.பைச் சட்டத்தின் ஊதிய வரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும், மாதம் 1,800 என்று கட்டுபவர்கள் உண்டு. அங்கே கைக்கு வருவது கூடும், சேமிப்பு குறையும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், இந்தக் கணக்குகளுக்கு எடுக்கும் ஊதியம் மொத்தத்தில் பாதிக்குக் குறையக் கூடாது என்கின்றன. அடிப்படைச் சம்பளத்தை 30, 35 சதவீதத்தில் வைத்திருந்த கம்பெனிகளில் இந்தக் கணக்கு மாறும். இத்தனையையும் போனில் "எல்லாம் சேர்த்து 18 மேம்" என்று முடித்துவிட முடியாது. அதனால்தான் எழுத்து.

செய்வது எளிது. ஒவ்வொரு போனுக்குப் பிறகும் நான்கு வரி மெயில்: இன்று இத்தனை மணிக்குப் பேசினோம், ஃபிக்ஸட் இவ்வளவு, வேரியபிள் அதற்கு மேலா உள்ளேயா, சேரும் தேதி இது, நான் புரிந்துகொண்டது சரியா என்று எழுதுங்கள், முழு பிரேக்கப் (எதற்கு எவ்வளவு என்ற பிரிப்பு) அனுப்புங்கள். கோபம் வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம். "நீங்க முன்னாடி வேற மாதிரி சொன்னீங்க" என்ற வாக்கியமே வேண்டாம். இரண்டு தொகையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி எது சரி என்று கேட்டால் அதுவே போதும்.

இந்த மெயிலுக்கு வரும் எதிர்வினைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கவனக்குறைவானவர், ஆனால் நேர்மையானவர் என்றால், "ஸாரி மேம், 18 சி.டி.சி.தான், பிரேக்கப் இணைச்சிருக்கேன்" என்று பதில் எழுதுவார். சங்கதி முடிந்தது, அதற்கு மேல் பேரம் பேசுவதா என்பது உங்கள் இஷ்டம். மறைக்க ஏதாவது இருப்பவர் மெயிலுக்குப் பதிலாகப் போன் செய்வார். "மெயில்லாம் எதுக்கு மேம், நான்தான் சொல்றேன்ல" என்பார். மறுபடி போன் வந்தால் மறுபடி மெயில். மூன்றாவது தடவை அவர் எழுதுவார், இல்லையென்றால் மறைவார்.

மெயிலுக்குச் சட்ட மதிப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆனால் சம்பள வித்தியாசத்துக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மெயிலின் பலன் வேறு. நாளைக்குக் கம்பெனி ஹெச்.ஆரிடம் பேச நேர்ந்தால், "அவர் அப்படிச் சொன்னார்" என்று புலம்ப வேண்டியதில்லை. ஃபார்வர்டு செய்தால் போதும்.

இந்த வழியின் குறை என்றால், இரண்டு மூன்று நாள் பிடிக்கும். நிஜமாகவே அவசரமான இடம் என்றால் அந்த நாட்களில் கை நழுவலாம். எனக்குத் தெரிந்து ஆஃபர் கட்டம் வரை வந்த ஒருவரை, பிரேக்கப் கேட்டதற்காகக் கம்பெனி கழற்றிவிட்டதில்லை.

சம்பளச் சீட்டு பற்றியும் ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து, வேலைக்கு வருபவரிடம் பழைய சம்பளம் என்ன என்று கேட்பதையே சட்டம் தடுக்கிறது. நம் ஊரில் அப்படி இல்லை. மூன்று மாதச் சீட்டு கேட்பது வழக்கமாகிவிட்டது. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆஃபர் உறுதியான பிறகு, மெயிலில், பான் எண், பி.எஃப். எண்ணான யு.ஏ.என்., வங்கிக் கணக்கு எண் மூன்றையும் மறைத்துக் கொடுங்கள். ஆதார் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார்.

அவரைத் தாண்டிப் போவது

மேனேஜருக்கு நேராக மெசேஜ் தட்டு என்ற யோசனையில் பாதி சரி, பாதி வினை.

வினை எங்கே என்றால், கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமேயை அனுப்பிய தேதியிலிருந்து, ஒப்பந்தத்தைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ, நீங்கள் அவர்கள் கொண்டுவந்த ஆள் என்றுதான் கணக்கு. நடுவில் நீங்கள் நேராகப் போய் நின்றாலும் கம்பெனி அவர்களுக்குக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். ஆகவே "அவரைக் கழற்றிவிட்டு என்னை நேரா எடுங்க" என்று கேட்பது கம்பெனியைச் சிக்கலில் இழுப்பது. ஹெச்.ஆர். பயந்து பின்வாங்கும். வேறொரு கன்சல்டன்சி வழியாக அதே வேலைக்கு மறுபடி ரெஸ்யூமே அனுப்புவது இன்னும் மோசம். இரண்டு பேர் ஒரே ஆளுக்கு உரிமை கேட்டால் கம்பெனி அந்த ஆளையே ஓரங்கட்டிவிடும்.

மேனேஜரிடம் சம்பளம் பேசுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, சம்பளம் அவர் கையில் இல்லை. அவர் செய்யக்கூடியது ஹெச்.ஆருக்கு ஃபார்வர்டு செய்வதுதான். போகிற போக்கில் "இந்தப் பொண்ணு இப்பவே பிரச்சினை பண்ணுது" என்று ஒரு நினைப்பும் அவர் மனதில் விழலாம்.

சரியான பாதி எது? கம்பெனி ஹெச்.ஆரைச் சேர்த்துக்கொள்வது. ரெக்ரூட்டரை விலக்காமல், அவருக்கு எழுதும் மெயிலிலேயே ஹெச்.ஆருக்கும் ஒரு காப்பி. இன்டர்வியூ அழைப்பு வந்த காலண்டர் இன்வைட்டில் ஹெச்.ஆரின் மெயில் முகவரி இருக்கும். "பிரேக்கப் விளக்கத்துக்காக உங்களையும் சேர்த்திருக்கிறேன்" என்று ஒரே வரி. யாரையும் போட்டுக்கொடுத்ததாக ஆகாது, ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவர் தொகையை மாற்ற முடியாது. எழுத்துக்கு இழுத்தும் பதில் வராதபோது, அல்லது தொகை இரண்டாம் முறை மாறும்போது இதற்குப் போகலாம்.

கல்யாணக் கேள்வி போன்றவற்றுக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. 2017-இல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்த பிறகு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது ஊரறிந்த ரகசியம். 2024-இல், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலை ஒன்றில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்ப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோது, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகளின் பங்கும் அதில் வந்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற, அப்போது நடைமுறையில் இருந்த 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டியது. "கிளையன்ட் கேப்பாங்க" என்று ரெக்ரூட்டர் சொன்னால், "அப்படியா, அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லலாம். கிளையன்ட் கேட்டிருந்தால் அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கேட்கவில்லை என்றால் தன் பெயரில் என்ன கேட்கப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு ஆஃபரைக் காட்டுவது

நிஜமாகவே கையில் இன்னொன்று இருந்தால் இதைவிட வலுவான பேரம் கிடையாது. இல்லாததை இருப்பதாகச் சொன்னால், "லெட்டரை அனுப்புங்க, மேட்ச் பண்றோம்" என்ற ஒரு வரியில் மானம் போய்விடும். இருக்கிற கம்பெனியிடமே போய் "வெளிய 18 தர்றாங்க" என்று காட்டித் தங்கிவிடுவதும் ஒரு வழிதான். அப்படித் தங்கியவர்களை எனக்குத் தெரியும். அடுத்த அப்ரைசலில் "உனக்குத்தான் நடுவுலயே குடுத்தாச்சே" என்று கையை விரித்துவிட்டார்கள். தங்கைக்கு இரண்டுமே இல்லை என்பதால் இதில் நாங்கள் நேரம் செலவழிக்கவில்லை.

விலகுவது, கிழிப்பது

விலகுவது தோல்வியல்ல, அதுவும் ஒரு விலை. ரெக்ரூட்டர் கம்பெனியின் சொந்த ஆளாக இருந்து, ஹெச்.ஆரும் அவருடைய பேச்சையே திருப்பிச் சொன்னால், நான் விலகுவேன். கன்சல்டன்சி ஆளின் நடத்தைக்காக மட்டும் நல்ல வேலையை விடமாட்டேன். விலகும்போது "பிளாக்லிஸ்ட் பண்ணிடுவோம் மேம்" என்ற மிரட்டல் வரலாம். அந்தக் கன்சல்டன்சியின் கணினியில் ஒரு குறிப்பு விழும், மிஞ்சிப்போனால் அந்தக் கம்பெனியின் கணினியிலும் விழும். அவர் கை அதற்கு மேல் நீளாது.

லிங்க்ட்இனில் பெயரைப் போட்டுக் கிழிப்பதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் அவதூறு இன்னும் குற்றம்தான். சொன்னது உண்மையே ஆனாலும், பொதுநன்மைக்காகச் சொன்னது என்று காட்டும் சுமை சொன்னவர் தலையில். அது கிடக்கட்டும். உங்களை அடுத்து வேலைக்கு எடுக்கப்போகிறவர் அந்தப் பதிவைப் படிப்பார். அவருக்கு ரெக்ரூட்டரின் பெயர் நினைவிருக்காது, உங்கள் பெயர் இருக்கும். அந்தக் கன்சல்டன்சியின் மேலாளருக்கு ஒரு மெயில் போட்டால் வேலை நடக்க வாய்ப்பு அதிகம்.

பேப்பர்

மேலே சொன்ன எந்த வழியை எடுத்தாலும், எல்லாமே நீங்கள் இன்னும் ராஜினாமா செய்யவில்லை என்பதில்தான் நிற்கிறது. பேப்பர் போட்டுவிட்டால் ஐந்து வழியும் ஒரே வழியாகச் சுருங்கிவிடும்: கொடுப்பதை வாங்கிக்கொள்வது. "பேப்பர் போட்ட ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க" என்று அவர் கேட்டது இதற்குத்தான். நீங்கள் பேரம் பேசும் பலத்தை அவர் கையில் கொடுக்கச் சொல்கிறார். சில கம்பெனிகளே இப்படி ஒரு நடைமுறை வைத்திருக்கின்றன என்பதும் உண்மை. அப்படியானால் அதைக் கம்பெனி ஹெச்.ஆர். தன் மெயிலில் எழுதட்டும், சம்பளப் பிரேக்கப்போடு.

ஆஃபர் லெட்டரும் இரும்புக் கோட்டையல்ல. 2023 தொடக்கத்தில் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம், 6.5 லட்சத்துக்குத் தேர்ந்தெடுத்துக் காக்க வைத்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சேர்கிறீர்களா என்று கேட்டது. கையில் லெட்டர் இருப்பவர்களுக்கே அந்தக் கதி. வாட்ஸ்அப் மெசேஜை நம்பிப் பேப்பர் போட்டவர் யாரிடம் போய் நிற்பார்?

அன்று ராத்திரி தங்கை ரெக்ரூட்டரின் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவருக்கு மெயில் போட்டாள்: இரண்டு தொகையும் பக்கத்துப் பக்கத்தில், பிரேக்கப் வேண்டும், லெட்டர் வந்து ஏழு நாளுக்குள் ராஜினாமா செய்கிறேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "மேம், இதெல்லாம் மெயில்ல எதுக்கு?" அவள் அதையும் ஒரு மெயிலாக்கினாள். மாலை வரை பதில் இல்லாததால், மூன்றாவது மெயிலில் கம்பெனி ஹெச்.ஆரைச் சேர்த்தாள்.

ஹெச்.ஆர். மறுநாளே அவளை நேராகக் கூப்பிட்டார். நடுத்தர வயதுப் பெண்மணி, பேச்சில் அவசரமில்லை. 18 என்பது முதலிலிருந்தே சி.டி.சி.தானாம், 18 ஃபிக்ஸட் என்று அவர்கள் யாரும் சொல்லவே இல்லையாம். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "உங்க எக்ஸ்பெக்டேஷன் 16ன்னுதானே எங்களுக்குச் சொன்னாங்க?" இவளிடம் கூட்டியும் அவர்களிடம் குறைத்தும் சொல்லி இரண்டு பக்கத்தையும் நடுவில் கொண்டுவந்து முடிச்சுப் போடப் பார்த்திருக்கிறார் மனிதர். ஃபிக்ஸடைக் கூட்ட வரம்பு இடம் தரவில்லை. அதற்குப் பதிலாக 1.5 லட்சம் ஜாயினிங் போனஸ், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. நோட்டீஸில் 30 நாளைக் குறைத்துக்கொள்ளப் பழைய கம்பெனிக்குக் கட்டும் பை-அவுட் தொகையும் புதிய கம்பெனி பொறுப்பு. லெட்டர் வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை அவள் பேப்பர் போட்டாள். கல்யாணக் கேள்வியைப் பற்றி அவள் சொன்னபோது ஹெச்.ஆர். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "அதை மட்டும் எனக்குத் தனியா ஒரு மெயில் போட்டுடும்மா" என்றாராம். போட்டாள்.

ரெக்ரூட்டர் அதன் பிறகு குரலைக் குறைத்துக்கொண்டார். அவள் சேர்ந்த பிறகும் வாரத்துக்கு ஒரு முறை மெசேஜ் வந்தது: "குட் மார்னிங் மேம், எல்லாம் செட் ஆயிடுச்சா? டீம் ஓகேயா?" இவ்வளவு அக்கறையா என்று சித்திக்கே ஆச்சரியம். 90 நாள் முடிந்த வாரத்தோடு அது நின்றது.